கோசுமல்லியும் கொடுங்காயும்: வெயில்கால உணவு பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

நம் சங்க விழாக்களில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது இரண்டு விதமான பேச்சு காதில் விழும். "இந்த சாலட், கீலட் எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டு வந்தது, நம்ம ஆளுங்க எதையும் வேக வெச்சுத்தான் சாப்பிட்டாங்க" என்பது ஒன்று. "எல்லாம் நம்மகிட்ட சங்க காலத்திலேயே இருந்தது சார்" என்பது இன்னொன்று. முதல் கட்சிக்காரர் பெரும்பாலும் இளைஞர். இரண்டாம் கட்சி என் வயதுக்காரர். இரண்டு கட்சிக்கும் சான்று போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. நான் பல்கலைக்கழகத்தில் படித்தவன் அல்லேன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, தில்லிக்கு வந்து பருப்பு வியாபாரம் செய்து பிழைத்தவன். கடை மூடிய பிறகு படித்தவை, கடையில் உட்கார்ந்தபடியே பார்த்தவை, இவை இரண்டும்தான் என் மூலதனம்.

வெயிலைப் பற்றி துவாரகாவாசிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2024 மே 28 அன்று நமக்கு அடுத்த நஜஃப்கரில் பதிவான வெப்பம் 49.8 டிகிரி. அந்த வாரத்தில் அடுப்பங்கரையில் நின்று சாம்பார், கூட்டு, பொரியல், ரசம் என்று நான்கு அடுப்பு வேலை செய்த பெண்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். சென்னையில் வியர்க்கும். இங்கே 'லூ' காற்று வியர்வையையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அப்போது உடம்பு கேட்பது நீரும், உப்பும், புளிப்பும். வெள்ளரிக்காயின் எடையில் நூற்றுக்கு 95 பங்கு நீர். ஆகவே அடுப்பேற்றாத உணவு நம்மிடம் என்ன இருந்தது, எங்கிருந்து வந்தது என்று தேடுவது வெறும் புத்தக ஆராய்ச்சி இல்லை, நம் வீட்டுக் காரியம்தான்.

இரண்டாம் கட்சியின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். சங்க இலக்கியத்தில் உணவு நிறைய உண்டு. காஞ்சியில் ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், அந்தணர் வீட்டு விருந்தில் மாதுளங்காய் வருகிறது. ஆனால் அதைப் பச்சையாக வைக்கவில்லை. வெண்ணெயில் வேகவைத்து, மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் சேர்த்துத் தருகிறார்கள். பக்கத்தில் மாவடு. ஆக, ஈராயிரம் ஆண்டுக்கு அருகிலேயே கறிவேப்பிலையும் மாவடுவும் நமக்குச் சொந்தம் என்று பெருமை கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அது சாலட் இல்லை.

அடுத்தது சிலப்பதிகாரம். இங்கே நான் சற்று நின்று போக வேண்டும். வணிகன் என்ற முறையிலும் சமணன் என்ற முறையிலும் எனக்கு நெருக்கமான இடம் அது.

கொலைக்களக் காதை. மதுரைக்கு வெளியே ஆயர் குடியிருப்பில், கவுந்தியடிகள் ஒப்படைத்தபடி கண்ணகியும் கோவலனும் மாதரியின் பாதுகாப்பில் தங்கியிருக்கிறார்கள். கோவலன் சாவக நோன்பி, அதாவது சமண இல்லறத்தான். ஆகவே பகற்பொழுதுக்குள் உண்ணும்படி சமைக்க நல்ல பாத்திரங்கள் வேண்டும் என்ற பேச்சு அங்கே வருகிறது. ஆயர் பெண்கள் புதுப் பாத்திரங்களோடு காய்களையும் தருகிறார்கள். பலாக்காய், வரியுள்ள வளைந்த காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, தங்கள் மாட்டுப் பாலின் பயன்கள். 'கொடுங்காய்' என்ற அந்த வளைந்த காயை வெள்ளரிக்காய் என்றே உரைகாரர்கள் கொள்கிறார்கள். கண்ணகி தன் விரல் சிவக்கச் சிவக்க அந்தக் காய்களை அரிகிறாள். அரிந்த கருவிக்குக் 'குயம்' என்று பெயர். நம் பாட்டிமார் வைத்திருந்த அரிவாள்மணைதான். மாதரியின் மகள் ஐயை அடுப்பு மூட்டித் தருகிறாள். வாழைக் குருத்தில் சோறு பரிமாறப்படுகிறது. அதுவே கோவலனுக்குக் கடைசிச் சாப்பாடு. அதை உண்டுவிட்டுத்தான் சிலம்பு விற்கப் போகிறான்.

கண்ணகி வெள்ளரிக்காய் அரிந்தாள், ஆகவே கோசுமல்லி செய்தாள் என்று ஒரு மேடையில் கேட்டேன். கைதட்டலும் விழுந்தது. நூல் அப்படிச் சொல்லவில்லை. அடுப்பு மூட்டியதைச் சொல்கிறது, சமைத்ததைச் சொல்கிறது. உ.வே.சா. 1892-இல் பாடுபட்டுப் பதிப்பித்துக் கொடுத்த நூலை நாம் திறந்து பார்த்துவிட்டாவது மேடை ஏறலாம்.

மேலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சமணருக்குப் பச்சைக் காய் என்பது சிக்கலான விஷயம். சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் இல்லறத்தாருக்குப் பதினொரு படிநிலைகளைக் கூறுகிறது. அதைத் தழுவித் தமிழில் அருங்கலச்செப்பு உண்டு. ஐந்தாம் படியில் நிற்பவர் வேர், காய், கீரை, கிழங்கு, விதை எதையும் வேகாமல் உண்ணக்கூடாது. உயிருள்ளதாகக் கருதப்படுவதால் விலக்கு. அந்தப் படிக்குக் கீழே உள்ள எங்களைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு வெள்ளரிக்காய் தடையில்லை. ஆனால் வெங்காயம், பூண்டு, கேரட், முள்ளங்கி, பீட்ரூட் எல்லாம் மண்ணுக்குள் விளைவதால் எந்தப் படியிலும் கிடையாது. ஆக, ஓட்டலில் சாலட் தட்டு என்று வருவதில் எங்களுக்கு மிஞ்சுவது நாலு துண்டு வெள்ளரியும் ஓர் எலுமிச்சை மூடியும்தான்!

கல்வெட்டுக்குப் போவோம். அம்பாசமுத்திரத்தில் வரகுண மகாராசனின் கல்வெட்டு ஒன்று உண்டு. ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது. கோயில் அமுதுபடிக்காக அரசன் 290 காசை இளங்கோய்க்குடிச் சபையார் கையில் கொடுக்கிறான். முதல் குறையக்கூடாது, வட்டி மட்டும் செலவாக வேண்டும். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல், ஆக 580 கலம். எவ்வளவு சுத்தமான கணக்கு பாருங்கள்! இன்றைய டிரஸ்டுகள் கவனிக்க வேண்டும். அந்த நெல்லில் என்னென்ன செய்ய வேண்டும் என்ற பட்டியலில் காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி என்று வகை வகையாக வருகிறது. புழுக்கியது என்றால் அவித்தது. பயற்றில் செய்த கும்மாயமும் உண்டு. பச்சையாக நறுக்கி வைத்த காய் என்று ஒரு வகை அதில் இல்லை.

இதனால் நம் முன்னோர் பச்சைக் காயே தின்னவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கல்வெட்டில் ஏறுவது கணக்கு வைக்க வேண்டிய பொருள்தான். வெள்ளரிப்பிஞ்சுக்கு யார் கணக்கு வைத்தார்கள்? எங்க ஊர் பக்கம் மாசி, பங்குனியில் ஏரி வற்றத் தொடங்கியதும், ஈரம் காயாத ஏரி மண்ணில் வெள்ளரி போடுவார்கள். சித்திரையில் பிஞ்சு வந்துவிடும். திண்டிவனம் வழியாகப் போகும் பஸ் எங்கே நின்றாலும், ஜன்னல் வழியே பிஞ்சுக் கட்டு உள்ளே வரும். நாலாகக் கீறி, மிளகாய்த்தூளும் உப்பும் தடவித் தருவார்கள். மாங்காய்க் கீற்றும் அப்படியே. மெரினாவில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் விற்கிற பையன் கையில் இருப்பதும் இந்த வம்சம்தான். தட்டு இல்லை, கரண்டி இல்லை, அடுப்பு இல்லை, பெயரும் இல்லை. தமிழனின் பழைய சாலட் எது என்று கேட்டால், இலக்கியத்தைக் காட்டாமல் இந்த வெள்ளரிப்பிஞ்சுக் கூடையைத்தான் காட்டுவேன். மிளகாய் மட்டும் புது வரவு. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி, 1498-க்குப் பிறகு போர்த்துகீசியர் கப்பலில் வந்தது. அதற்கு முன் மிளகுதான்.

வெள்ளரியின் தாயகமே இந்தியா. அதன் காட்டு இனம் இமயமலை அடிவாரத்தில் இன்றும் கசப்புக் காயாக விளைகிறது. அந்தக் கசப்பின் மிச்சம்தான் சில காய்களில் காம்புப் பக்கம் தங்கிவிடுகிறது. முனையை வெட்டித் தேய்த்து நுரை எடுக்கிறோமே, அதனால் கசப்பு முழுதும் போய்விடாது. கடும் கசப்பாக இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், வயிற்றைக் கெடுக்கும். தில்லியில் இரண்டு வகை கிடைக்கிறது. ஒன்று 'கீரா', நம் வெள்ளரி. மற்றது நீண்டு, வளைந்து, வரி ஓடிய 'ககடி'. தாவரவியலார் அதை முலாம்பழக் குடும்பத்தில் சேர்க்கிறார்கள். தமிழில் கக்கரி என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லும் இந்தி ககடியும் வடமொழிக் கர்க்கடியின் வழி வந்த உறவுகள். யாழ்ப்பாணத்தில் இந்த உறவில் ஒரு காய் கெக்கரிக்காய் ஆகிறது. வளைந்த, வரியுள்ள கொடுங்காய் என்ற வர்ணனையைப் படித்துவிட்டு, மே மாதத்தில் தள்ளுவண்டியில் அடுக்கியிருக்கும் ககடியைப் பார்க்கும்போதெல்லாம், கண்ணகி அரிந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் படும். இது என் ஊகம். அறிஞர்கள் ஏற்க வேண்டும் என்று வற்புறுத்தவில்லை.

இனி கோசுமல்லி. பெயரைக் கேட்டதும் தில்லியில் பிறந்த நம் பிள்ளைகள் முட்டைகோஸும் கொத்தமல்லியும் போட்டது என்று நினைக்கிறார்கள். ஒரு கல்யாணத்தில் சமையல்காரரே அப்படி நினைத்துக் கோஸைத் துருவி வைத்திருந்தார்! கோஸ் என்ற சொல் போர்த்துகீசிய மொழியில் இருந்து வந்தது. கோசுமல்லிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கன்னடத்தில் கோசம்பரி, தெலுங்கிலும் கோசம்பரி, மராத்தியில் கோஷிம்பீர். நான்கு மொழிகளிலும் ஒரே பொருள், ஒரே சாயலில் பெயர். செட்டிநாட்டில் மட்டும் இந்தப் பெயர் கட்சி மாறி, சுட்டோ அவித்தோ மசித்த கத்தரிக்காய்க்குப் போய்விட்டது. காரைக்குடிக்காரர் வீட்டில் கோசமல்லி என்றால் இட்லிக்குத் தொட்டுக்கொள்ள வரும், வெள்ளரிக்காயை எதிர்பார்க்காதீர்கள்.

தமிழ்நாட்டில் இது எந்தெந்த வீடுகளில் வழங்குகிறது என்று பார்த்தால் வழி புலப்படும். ஸ்ரீராமநவமிக்குப் பானகம், நீர்மோர், கோசுமல்லி செய்கிற வீடுகள். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து வீடுகள். ராவ் குடும்பங்கள். உடுப்பி ஓட்டல்கள். ஆந்திரத்தில் அதே நாளில் ஊறவைத்த பயத்தம்பருப்பை 'வடபப்பு' என்று படைக்கிறார்கள். ஐயங்கார் வீடுகளில் 'வடைப்பருப்பு'. கர்நாடகத்தில் இராமநவமி மட்டும் அல்ல, கல்யாண இலையில் முதலில் விழுவதில் ஒன்று கோசம்பரி. ஆக, இது தக்காணத்துப் பண்டம், விஜயநகரத்தாரோடும் நாயக்கரோடும் மராட்டியரோடும் தெற்கே இறங்கியது என்பது என் கருத்து. தஞ்சையில் 1532-இல் நாயக்கர் ஆட்சி தொடங்கியது. 1676 முதல் 1855 வரை மராட்டியர். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கன்னட, தெலுங்கு, மராட்டியக் குடும்பங்கள் காவிரிக் கரையில் குடியேறிக்கொண்டே இருந்தன. அவர்கள் தாலியையும் தம்பூராவையும் மட்டுமா கொண்டு வந்திருப்பார்கள்? சாம்பாருக்குச் சம்பாஜி பெயர் வந்த கதையை நான் நம்புவதில்லை. ஆனால் கோசுமல்லி விஷயத்தில் நாலு மொழியின் சொற்களே சாட்சி நிற்கின்றன.

நாம் தில்லிக்குக் கொண்டு வந்த தமிழ்நாட்டுப் பண்டம், தமிழ்நாட்டுக்கே குடிவந்த பண்டம் என்பதில் எனக்கு வருத்தம் இல்லை. சரோஜினி நகரிலும் கரோல் பாகிலும் குடியேறிய நம் முதல் தலைமுறைக்கும் அது பொருத்தமே.

தக்காணத்தின் சமையல் நூல் மரபில் சமணர் பங்கு பெரிது. பலருக்குத் தெரியாது. மேலைச் சாளுக்கியர் காலத்தில், ஏறத்தாழ 1025-இல், இரண்டாம் சாவுண்டராயர் கன்னடத்தில் 'லோகோபகாரம்' எழுதினார். வேளாண்மை, நீர் பார்த்தல், மருத்துவம் இவற்றோடு சமையலும் அதில் ஒரு பகுதி. 1508-ஐ ஒட்டி மூன்றாம் மங்கரசர் 'சூபசாஸ்திரம்' இயற்றினார். முழுக்க முழுக்கச் சைவ உணவு. சமையலைச் செய்யுளில் பாடிய சமணர்! எங்கள் தமிழ்ச் சமணர்கள் ஐந்திலக்கணம், நிகண்டு, அறநூல் என்று எழுதிக் குவித்தார்கள். சாப்பாட்டைப் பற்றி விலக்கு எழுதினார்களே தவிர, பக்குவம் எழுதவில்லை. பேராசிரியர்கள் யாராவது இதை ஆராயலாம்.

பக்குவத்துக்கு வருகிறேன். பருப்பு வியாபாரிக்கு இங்கே பேச உரிமை உண்டு. தென்னிந்தியப் புதிய கற்கால ஊர்களில், கர்நாடகத்துச் சங்கனக்கல், ஹல்லூர் போன்ற இடங்களில், கருகிய பாசிப்பயறு கிடைத்திருக்கிறது. மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமை. நயா பஜாரில் மூட்டை பிரித்து உள்ளங்கையில் போட்டுப் பார்க்கும்போது அந்தப் பழமை ஞாபகம் வருவதில்லை, விலைதான் ஞாபகம் வரும். அது வேறு விஷயம். கோசுமல்லிக்குத் தோல் நீக்கி உடைத்த பயத்தம்பருப்பு, தில்லியில் 'துலீ மூங்' என்று கேட்க வேண்டும். மிகப் பளபளப்பாக, ஒரே மஞ்சளாக இருப்பதை வாங்காதீர்கள், சற்று மங்கலாக இருப்பதே நல்லது. ஒரு கப் பருப்பு, அரை மணி முதல் முக்கால் மணி ஊறினால் போதும். நகத்தால் கிள்ளினால் உடைய வேண்டும். இரவெல்லாம் ஊறவைத்து முளைகட்ட வேண்டாம். முளைப்பயறு எங்கள் நெறிக்கு விலக்கு என்பது ஒருபுறம் இருக்க, 45 டிகிரி வெப்பத்தில் ஈரப்பயறு வெளியில் கிடந்தால் புளித்துக் கெடும். முளை வேண்டும் என்பவர்கள் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

நீரை நன்றாக வடித்து, பொடியாக அரிந்த வெள்ளரிக்காய் ஒன்று, மாங்காய் கால் பங்கு, தேங்காய்த் துருவல் இரண்டு கரண்டி சேர்க்கவும். ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, பெருங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டவும். உப்பு மட்டும் இலையில் போடுவதற்குச் சற்று முன்னால். முன்கூட்டியே உப்புப் போட்டால் வெள்ளரி தன் நீரை எல்லாம் வெளியே விட்டுத் துவண்டுவிடும், கிண்ணத்தில் குளம் கட்டி நிற்கும். சாலட் என்ற சொல்லே லத்தீன் மொழியில் உப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது, உப்பிட்ட கீரை என்று பொருள். ஐரோப்பியரும் நாமும் ஒரே இடத்தில்தான் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது.

தயிர் ஊற்றலாமா என்று கேட்பார்கள். எங்கள் வீடுகளில் ஊற்றமாட்டோம். இரண்டாக உடையும் பருப்பு எதையும் காய்ச்சாத தயிர், மோரோடு சேர்க்கக்கூடாது என்பது 'துவிதளம்' என்ற விதி. அப்படிச் சேர்த்தால் நுண்ணுயிர் பெருகும் என்பது சமணர் நம்பிக்கை. ஆகையால் பருப்புள்ள கோசுமல்லி தனி, தயிருள்ள பச்சடி தனி. இலையின் இரு ஓரத்தில் வைப்போம். மற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் இரண்டும் தனித்தனியாக இருந்தால் ருசியும் தனித்தனியாக இருக்கிறது என்று என் மருமகள், சமணக் குடும்பத்தில் பிறக்காதவள், அவளே சொல்கிறாள்.

பச்சடிக்கு வருகையில் ஒரு வேடிக்கை. பச்சை என்பதில் இருந்து பச்சடி. நாஞ்சில் நாட்டிலும் கேரளத்திலும் வெள்ளரிக்காய், தேங்காய், பச்சைக் கடுகு அரைத்துத் தயிரில் கலந்ததைக் 'கிச்சடி' என்பார்கள். நாகர்கோவில் நண்பர் ஒருவர் தில்லி வந்த புதிதில், அலுவலகத்தில் "இன்று கிச்சடி" என்றதும் ஆவலோடு உட்கார்ந்தார். குழைந்த பருப்புச் சாதம் வந்தது. அவர் தேடிய கிச்சடி இங்கே 'ராய்த்தா' என்ற பெயரில் ஒளிந்திருக்கிறது. 'ராயி' என்றால் கடுகு. பெயரில் கடுகு இருக்கிறது, கிண்ணத்தில் இப்போது பெரும்பாலும் இல்லை. நாஞ்சில் நாட்டார்தான் அந்தக் கடுகை விடாமல் காப்பாற்றுகிறார்கள்.

ஈழத்துத் தமிழர் பச்சை உணவில் நம்மைவிடத் தேர்ந்தவர்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வல்லாரையை மயிரிழையாக அரிந்து, தேங்காய்ப்பூ, மிளகாய், தேசிக்காய்ப் புளி விட்டுப் பிசைந்த வல்லாரைச் சம்பலை ஒருமுறை சாப்பிட்டவர் மறக்கமாட்டார். சிங்களர் 'மல்லுங்' என்று கிட்டத்தட்ட இதையே இலேசாக வாட்டிச் செய்கிறார்கள். கீரையைப் பச்சையாக உண்ணலாம் என்ற துணிவு தமிழகத்துச் சமையலில் குறைவு. எங்களுக்கோ மழைக்கால நான்கு மாதம் கீரையே கிடையாது.

முட்டைகோஸைத் துருவி மயோனைஸ் போட்டுத் தரும் 'கோல்ஸ்லா' இப்போது துவாரகா கடைகளில் பர்கரோடு வருகிறது. அது டச்சுக்காரர்களின் 'கோல்ஸ்லா'. கோல் என்றால் கோஸ், ஸ்லா என்றால் சாலட். நியூயார்க் பக்கம் குடியேறிய டச்சுக்காரரால் அமெரிக்கா போய், அங்கிருந்து உலகம் சுற்றி நம் கடைக்கு வந்தது. இதே டச்சுக்காரர்கள் 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தை வைத்திருந்தார்கள், 123 ஆண்டுகள். துணி வாங்கினார்கள், கோட்டை கட்டினார்கள். நாகப்பட்டினத்துச் சமையலில் கோல்ஸ்லா இல்லை. கோஸே அப்போது அந்தச் சூட்டில் விளைந்திருக்காது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் உதகையில் ஐரோப்பியக் காய்களைப் போட்ட பிறகுதான் அவை நம் பக்கம் பரவின. 'இங்கிலீஷ் காய்' என்று இன்றும் காய்கறிக் கடையில் பிரித்துச் சொல்கிறார்கள் அல்லவா? தில்லியிலும் கோஸ், குளிர்காலப் பயிர். மே மாதத்தில் வருவது தொலைவிலிருந்து வருவது. ஆகவே வெயிலில் கோஸ் துருவுவது காலத்துக்கு ஒவ்வாத காரியம். அப்படியே செய்வதானால் மயோனைஸுக்குப் பதில் எலுமிச்சை, வறுத்துப் பொடித்த நிலக்கடலை, கடுகுத் தாளிப்பு என்று மாற்றிப் பாருங்கள். மராத்தியர் கோஸ் கோஷிம்பீரில் வறுத்த கடலைப்பொடிதான் போடுகிறார்கள், பேஷாக இருக்கும்.

தில்லியின் சொந்தச் சரக்கு 'கச்சும்பர்'. வெங்காயம், தக்காளி, வெள்ளரி. இந்தியில் ஒருவனை அடித்து நொறுக்குவதைக் 'கச்சூமர்' எடுத்துவிட்டதாகச் சொல்வார்கள், பெயரின் பொருள் அதிலிருந்தே விளங்கும். வெங்காயம் இல்லாமல் கச்சும்பர் கேட்டால் கடைக்காரர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். எனக்குப் பழகிவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். நம் ஊர் ஏரி மண்ணில் விளைந்த வெள்ளரிக்கு நிகராகத் தில்லியில் இருந்தது யமுனைப் படுகை வெள்ளரி. மழைக்கால வெள்ளம் வடிந்த 'காதர்' மணலில் ககடி, கீரா, தர்பூசணி எல்லாம் விளைந்தன. இப்போது அந்த ஆற்றின் நிலை நமக்குத் தெரியும். 2015 ஜனவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், யமுனை சுத்தமாகும் வரை தில்லியின் படுகையில் உண்ணும் பயிர்களை விளைவிக்கக்கூடாது என்று உத்தரவிட்டது. துவாரகாவில் நீல வழி மெட்ரோவில் ஏறி நொய்டா பக்கம் போகும்போது, யமுனா பேங்க் நிலையத்துக்கு முன் ஆற்றைக் கடக்கையில் கீழே பார்த்துக்கொள்ளுங்கள். வேகவைத்தால் கிருமி சாகும், கன உலோகம் போகாது. பச்சையாகத் தின்றால் இரண்டும் உள்ளே போகும். ஆகவே பச்சைக் காய்க்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் உண்மை சொல்வாரா என்று கேட்காதீர்கள், நானும் கடைக்காரன்தான். பழகிய கடையில் வாங்குங்கள். மூன்று முறை ஓடும் நீரில் கழுவி, கீராவைத் தோல் சீவிவிடுங்கள். நறுக்கி வண்டியில் வைத்திருப்பதை, ஐஸ்மேல் வைத்திருந்தாலும், வாங்கவே வேண்டாம். அந்த ஐஸ் எந்தத் தண்ணீர் என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். வீட்டில் அரிந்ததையும் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். சூரியன் சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் எங்கள் வழக்கம் இந்த ஒரு விஷயத்தில் எல்லாருக்கும் பயன்படும். காலையில் அரிந்த காயை ராத்திரி பத்து மணிக்கு எடுத்து வைக்கும் பேச்சே வராது.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாள் ஒன்றுக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் ஒருவருக்கு வேண்டும் என்று கூறுகிறார்கள். தானியம் 250 கிராம் போதுமாம். நம் வீடுகளில் கணக்கு நேர்த் தலைகீழ். சோற்றுக்குக் காய் என்று பழகிவிட்டோம். சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் நம் சங்கத்துக் குடும்பங்களில் எத்தனை பேருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை, விழா முடிந்து சாப்பிடும் முன் மேசைக்கு மேசை மாத்திரை டப்பா திறக்கும் சத்தம் கேட்கும். வெயில்காலத்தில் ஒரு வேளையாவது சோற்றைக் குறைத்து, கோசுமல்லியை ஒரு கரண்டி அல்ல, ஒரு கிண்ணம் வைக்கலாம். கோயில் பிரசாதம் போல் உள்ளங்கையில் துளி வாங்கிக்கொள்வதால்தான் அது உணவு என்பதே நமக்கு மறந்துபோயிற்று.

காயை மாற்றிக்கொள்ளலாம். வாழைத்தண்டு ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைக்கும். நார் எடுத்து, மோரில் போட்டு வைத்து, பொடியாக அரிந்து பச்சடி செய்யலாம். வெண்பூசணியின் பிஞ்சு, துருவித் தயிரில் போட்டால் வயிறு குளிரும். இங்கே ஆக்ரா 'பேட்டா' இனிப்புக்கு அதைச் சர்க்கரைப் பாகில் மூழ்கடிக்கிறார்கள், நாம் தயிரில் விடுகிறோம். மாங்காய் இல்லாத நாளில் எலுமிச்சை. மாதுளை முத்து போட்டால் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், பெரும்பாணாற்றுப்படையிலும் சிலம்பிலும் வந்த காய் அல்லவா? பானகத்துக்கு வெல்லம், எலுமிச்சை, ஏலம், சுக்கு. பச்சை இஞ்சி எங்களுக்கு ஆகாது. காய்ந்த சுக்கு ஆகும். நல்லவேளையாக, பானகம் சுக்கில்தான் சரியாக வரும்.

ககடி தில்லிச் சந்தைக்கு ஏப்ரலில் வந்து ஜூன் கடைசியில், முதல் மழையோடு மறைந்துவிடும். விரல் தடிமனுக்கு மேல் போனால் விதை முற்றிவிடும். மெலிந்ததாக, இளம்பச்சையாக, மேலே பூனைமுடி போல் சொரசொரப்புள்ளதாகப் பார்த்து எடுங்கள்.